க்ளார்க்கின் தொண்ணூற்றிரண்டு கிலோ

தராசு முள் ஐம்பத்தெட்டில் போய் நின்றுகொண்டது.

செர்வா முள்ளைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். இதே மூட்டையை ஆற்றுக்கு அக்கரைக் கொட்டகையில் ஏற்றினால் அறுபத்துநான்கு காட்டும். ஆனால் ஆறு மூட்டை கோகோவைச் சுமந்து ஆற்றைக் கடக்க அவளுக்கு எத்தனை தலை இருக்கிறது?

புருஷன் செத்ததும் அவன் தோட்டம் வழக்கப்படி அவன் அக்கா பிள்ளைகளுக்குப் போய்விட்டது. இது அவளே காடு வெட்டி வைத்த தோட்டம். இந்த ஊரில் பெண்களுக்கென்று தனித் தோட்டம் உண்டு, நல்லவேளை.

ஆறு மூட்டைக்கும் சரியான எடை விழுந்தால் மழைக்கு முன்பு கூரைக்குத் தகடு போட்டுவிடலாம். தராசு தின்றதுபோக மிஞ்சினால் கூரை முழுசாக மூடாது. போன வருஷம் அப்படித்தான் மூத்த மகளின் பாய் வீட்டுக்குள்ளேயே மிதந்தது.

தராசு தின்கிறது என்பது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தவன் கோகோக் கொட்டையில், எடை போட்டு வாங்கும் க்ளார்க் அம்போன்சா உடனே பூஞ்சையைக் கண்டுபிடித்துவிடுவார்.

மற்றபடி அவர் நியாயஸ்தர். தராசு முன்னால் எல்லோரும் ஒன்று, உறவெல்லாம் வீட்டோடு என்று தினம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். அதைச் சொல்லும்போது தொப்பையை ஒருமுறை தடவிக்கொள்வார்.

அந்தத் தொப்பைக்குத் தனிப் பெருமை. போன வாரம் குமாசி நகரத்து ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். தொண்ணூற்றிரண்டு கிலோ. அன்றிலிருந்து ஊரில் அதைக் கேட்காத காது இல்லை.

செர்வா மூட்டையை இறக்கவில்லை. அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு கவலை.

"என்னண்ணே, இப்படி இளைச்சுட்டீங்க? அண்ணி சரியா சோறு போடுறதில்லையா?"

இந்த ஊரில் ஒரு மனுஷனை இப்படிக் கேட்பது, உன் வீட்டில் அடுப்பே எரியவில்லை என்று சொல்வதற்குச் சமம். வரிசை மொத்தமும் திரும்பி அம்போன்சாவின் வயிற்றைப் பார்த்தது. ஆமாம், கன்னம்கூட ஒட்டிப்போச்சு என்று யாரோ பரிதாபப்பட்டார்கள்.

கொட்டகை ஓரத்தில் வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்த அவர் மனைவி கொனாடு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்போன்சாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. மூட்டையைத் தானே இறக்கி வைத்தார். செருப்பைக் கழற்றினார். எல்லோரும் நன்றாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தராசில் ஏறி நிமிர்ந்து நின்றார்.

முள் எண்பத்துமூன்றில் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. ஒரே வாரத்தில் ஒன்பது கிலோவா, ஏதாவது வியாதியா இருக்கப்போகுது என்று ஒரு கிழவர் உண்மையாகவே பதறினார்.

அம்போன்சா முள்ளைப் பார்த்தார். அடுப்படியில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அவள் சமையலைக் குறை சொன்னால் இன்று ராத்திரி சோறு கிடையாது. வியாதி என்று ஒப்புக்கொண்டால் நாளைக்கே வேறு க்ளார்க் வந்துவிடுவான். பாவம், அவருக்கு மூன்றாவது வழிதான் மிச்சம்.

கீழே இறங்கினார். வெயிலில் முள் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். தராசுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு திருகைத் திருகினார். ஏறிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் திருகினார்.

தொண்ணூற்றிரண்டு வந்தபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

செர்வாவின் மூட்டை மறுபடி ஏறியது. அறுபத்துநான்கு. அடுத்ததும் அப்படியே. ஆறாவது மூட்டை இறங்கும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தலையில் கட்டியிருந்த துணியின் நுனியால் துடைத்துக்கொண்டாள்.

போகிற வழியில் கொனாடுவின் அடுப்புப் பக்கம் ஒதுங்கினாள்.

"காலையில நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே கேட்டேன், அண்ணி."

கொனாடு தலை தூக்கவில்லை. எண்ணெயில் கிடந்த ஒரு பழத்துண்டை நிதானமாகப் புரட்டிப் போட்டாள்.

"மெதுவாப் பேசுடி. கடைசியில நிக்கிற மூணு மூட்டை என்னுது."