ஏழாம் பாகத்துக்குக் கூட்டம்

விளக்கு அணைந்ததும் பிரவின்ராஜ் கைபேசியை முன்வரிசை இருக்கையின் முதுகில் செருகி, அதன் கேமராவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்தான்.

டைனோசர் படத்தின் ஏழாம் பாகம் ஓடி முடிகிறவரை தன் முகத்தில் ஒரு தசைகூட ஆடாது என்று அவன் தன் யூட்யூப் சேனலில் சபதம் செய்திருந்தான்.

ஒருமுறை உடம்பு தூக்கிப்போட்டாலும் சேனலை இழுத்து மூடிவிடுவதாகவும், அதன் பிறகு சினிமாவைப் பற்றி வாய் திறப்பதில்லை என்றும் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து படம் பயங்கரமாக இருக்கவேண்டும் என்று வீட்டில் உள்ளவர்களே வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

சிவகிரியில் மாமனார் வைத்துக்கொடுத்த சிமெண்ட் கடையில் அவன் முதலாளி. கடைக்கு வெளியே திரை ஆய்வாளர்.

முதல் பாகத்தை அவன் மதித்தான். அதற்கப்புறம் பாகத்துக்குப் பாகம் மிருகம் வளர்ந்தது, கதை தேய்ந்தது என்பது அவனுடைய கண்டுபிடிப்பு. ஏழாம் பாகத்தைச் சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரிலும் தூக்கிவிட்டார்கள். சங்கரன்கோவிலில் இந்த ஒரு தியேட்டரில் மட்டும் மேட்னி நிறைந்துகொண்டிருந்தது.

ரசனை கெட்டுப்போன ஊரை நேரில் பார்த்துக் கண்டிப்பதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தான்.

கூட்டமெல்லாம் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, கடைசி வரிசை காலியாகக் கிடந்தது. அதன் நடுவில் போய் உட்கார்ந்திருந்தான். இவர்களோடு ஒட்டி உட்கார்ந்து ரசனையும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?

அவனுக்கு நேர் முன்வரிசையில் இருந்த அம்மாளை அன்னக்கிளி என்று யாரோ கூப்பிட்டார்கள். பிரவின்ராஜ் முன்னால் குனிந்து, எத்தனையாவது தடவை பார்க்கிறீர்கள் என்று விசாரித்தான்.

"நாலாந்தடவ. படத்துல என்னய்யா இருக்கு, அது பாட்டுக்கு ஓடுது. வந்தா பொழுது போகுதுல்லா."

சீரழிவு முற்றிவிட்டது என்று அவன் மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

திரையில் மலை மாதிரி ஒரு மிருகம் ஹெலிகாப்டரைக் கவ்வி, முருங்கைக்காய் போல முறித்தது. அரங்கில் ஒரு விசில் இல்லை. கடலை கொறிக்கிற சத்தம்கூட நிற்கவில்லை.

அடுத்த காட்சியில் விஞ்ஞானி ஒருத்தி காப்பி குடித்துக்கொண்டே மகளுக்குப் போன் பேசினாள்.

அரங்கம் மொத்தமும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது.

பிரவின்ராஜுக்குப் பிடரி சிலிர்த்தது. காப்பிக்குப் பயப்படுகிற கூட்டத்தை அவன் எங்கேயும் பார்த்ததில்லை.

விஞ்ஞானி இரண்டாம் வாய் குடித்தாள். முன்னால் ஒரு குழந்தை அழத்தொடங்கியது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். கடலைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

'கூட்டு நனவிலியின் ஆழத்தில் உறைந்துகிடக்கும் தாய்மை ஏக்கம்' என்று விமர்சனத்துக்கு ஒரு வாக்கியம் கட்டினான். அது முடிவதற்குள் இடது புறங்காலின் மேல் ஏதோ ஏறியது.

சில்லென்றிருந்தது.

கனமாக, அவசரமே இல்லாமல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. முடிகிற வழியாகக் காணோம்.

குனிந்து பார்த்தால் முகம் கேமராவை விட்டு விலகும். காலை உதறினால் உடம்பு தூக்கிப்போடும். கைபேசி இமைக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலா, சேனலா என்று அவன் ஒரு கணம் யோசித்தான்.

காலை விட்டுக்கொடுத்தான்.

திரையில் யாரையோ யாரோ தின்றார்கள். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. அவன் இமைக்கவில்லை.

கடைசியில் கால் லேசானது. எலியாகத்தான் இருக்கும், பழைய தியேட்டர்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எலிக்கு அவ்வளவு நீளம் ஏது என்ற கேள்வியை எழுந்திருக்க விடவில்லை.

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். முகம் ஆடவில்லை. பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மீதிப் படத்தில் இதைவிட என்ன வந்துவிடப்போகிறது?

டீ குடிக்கவோ ஒன்றுக்குப் போகவோ ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

அத்தனை பேரும் இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கி மடக்கிவைத்துக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டி, அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று புரிந்தது. என்றைக்காவது ஒருநாள் இப்படி நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். ரசனை இல்லாவிட்டாலும் மரியாதை தெரிந்த ஊர்தான்.

சிலர் கைகூப்பினார்கள். அன்னக்கிளியும் கூப்பினாள், அவள் கண் கலங்கியிருந்தது.

பிரவின்ராஜ் பெருந்தன்மையோடு சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, நன்றி சொல்ல எழுந்திருக்கப் பார்த்தான்.

"எய்யா, எந்திரிக்காத," என்று அன்னக்கிளி உதடு அசையாமல் சொன்னாள். "சொன்னா பதறிக் கால ஒதறுவியேன்னுதான் ஒருத்தரும் வாயத் தொறக்கல. நம்ம ஊர்ல நாகத்த அடிக்கவும் மாட்டோம்லா. இன்னைக்குக் காப்பி சீன்ல திரைக்கடியிலேருந்து கெளம்பிச்சு, இதக் கும்பிடத்தான் தெனமும் இந்தக் கூட்டமே."

அப்போதுதான் கவனித்தான். கூப்பிய கைகளில் ஒன்றுகூட அவன் முகத்துக்கு நேராக இல்லை.

எல்லாம் அவனுடைய இடது தோளுக்குச் சற்று மேலே பார்த்தபடி இருந்தன.