மெலியாத சவுக்காரம்

அகதி முகாமில், தவமலர் வீட்டுத் தகரப்பெட்டியின் மேல் உறை பிரிக்காத சவுக்காரம் ஒன்று உட்கார்ந்திருந்தது. கக்கூசுப் பக்கமிருந்து அதனிடம் ஒரு ஈ வந்தது.

"மூண்டு வருசமாச்சு, கொஞ்சமும் மெலியேல்லையே அக்கா?"

"ஊருக்குத் திரும்பிற அண்டைக்குக் குளிக்கவெண்டு என்னை வைச்சிருக்கிறா," என்றது சவுக்காரம் பெருமையாக.

"அப்ப கை கழுவ?"

"எப்பெப்ப கழுவ வேணுமெண்டு தவமலருக்கு மனப்பாடம். நேற்று அதைப் பற்றிக் கேள்வி கேக்க வந்த நர்ஸம்மா, அவ சொன்னதைக் கேட்டுக் கைதட்டினவ."

அந்நேரம் கக்கூசிலிருந்து திரும்பிய தவமலர், கையைச் சேலையில் துடைத்துவிட்டு மகளுக்குச் சோறு பிசைய உட்கார்ந்தாள்.

சோற்றை நோக்கிக் கிளம்பிய ஈ பாதியில் திரும்பியது.

"நான் வாறன் அக்கா. இந்த வீட்டில என்ரை வேலையையும் அவவே பாக்கிறா."