சம்மதமில்லை

“எங்க வூட்ல குறையுள்ள புள்ள பொறந்ததே இல்லீங்க டீச்சர்,” என்றார் ஊர் நாட்டாமை மணிவேல். உட்காரச் சொல்லவில்லை.

சிறப்பாசிரியை கல்பனா நின்றபடியே பேசினாள். “குறைன்னு நான் சொல்லலீங்க. உங்க பொண்ணு சுவேதா வாயால கேட்டா எல்லாம் சொல்றா. எழுதறப்போதான் எழுத்து எடம் மாறுது. நாளைக்குத் திருப்பத்தூர் கேம்ப்புல சோதிச்சு சர்ட்டிபிகேட் வாங்கினா, பத்தாவது பரீட்சையில அவ சொல்லச் சொல்ல எழுத ஆள் தருவாங்க. இல்லன்னா பெயிலாய்டுவா.”

“எல்லாம் சோம்பேறித்தனம்.”

“அப்போ சம்மதமில்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க.”

“இன்னா, கைநாட்டுன்னு நெனச்சீங்களா? பேனாவக் குடுங்க.”

முகம் வியர்க்க ஒரே வரி எழுதி நீட்டினார். ‘என் மகளுக்குக் குறை இல்லை’ என்று எழுத நினைத்திருந்தார். குறை, ‘றைகு’ என்று நின்றது.

கதவோரம் நின்று எட்டிப் பார்த்த சுவேதாவின் முகம் மலர்ந்தது. “அப்பா, நீயும் என்னாட்டம்தான் எழுதுவியா?”

மணிவேல் தாளைத் திரும்ப வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“இதுக்குத்தான் வாத்தியாரு என்னை அஞ்சாவதுல அடிச்சித் தொரத்துனாரு,” என்றார் மெதுவாக. “உக்காருங்க டீச்சர். கேம்ப்பு எத்தினி மணிக்கு?”