சுவர் மேல் பசலை

"இல்லேன்னு சொல்லிப்போட்டேனல்லோ. இன்னும் எதுக்குப் புள்ள நிக்கறே?"

காளியாத்தாள் செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சாலம்மாள் நின்றாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

"ஒரே ஒரு பசலைக் கன்னு போதும்க்கா. இத்தனை வெச்சிருக்கீங்களே."

"வெச்சிருக்கறது எனக்கு. உனக்கு வேணும்னா சந்தையில கீரைக்கட்டு விக்குது, வாங்கிக்க."

சாலம்மாள் உள்ளே போனாள்.

சூரமங்கலத்து ரயில்வே லைன் வீடுகளில் மண்ணென்று இருந்ததில் பாதி எஞ்சின் சாம்பல். அதில் அருகம்புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். யுத்தத்தில் அரிசிக்கே அல்லாடிய அந்த வருஷம், காளியாத்தாள் வாசலில் மட்டும் பச்சை குறையவில்லை. ஏரி வண்டலைச் சாக்கில் சுமந்து வந்து, வெட்டிய மண்ணெண்ணெய் டின்னிலும் ஓட்டை வாளியிலும் விரிசல் விட்ட பானையிலும் கொட்டி வைத்திருந்தாள். முழ உயரக் கத்தரி, மிளகாய், புதினா, பசலை. கொட்டாங்கச்சிகளில் நாற்று. விடியற்காலையில் கஞ்சமலைப் பக்கத்துப் பனியும் யார்டுப் புகையும் கலந்து தரையை மூடிவிடும். அப்போது அந்தச் செடிகள் எதன் மேலும் நிற்காமல் மிதப்பது போலத் தெரியும்.

குழாயடியில், அதே லைனில் குடியிருந்த சுப்பம்மாளுக்கு மனசு ஆறவில்லை.

"போன வாரம் நான் கேக்காமயே புதினா குடுத்தா. மாசமா இருக்கறவ வாய்விட்டுக் கேட்டா, இல்லேங்கறா. அவ அடுப்புல பூனை தூங்காம இருக்குமா?"

"அவங்களைச் சொல்லாதீங்க" என்றாள் சாலம்மாள். "என் கை அப்படி. நீங்க குடுத்த மிளகாய்க் கன்னு என்ன ஆச்சு? எதிர்வீட்டுல குடுத்த துளசி? யார் குடுத்தாலும் என்கிட்டே பட்டுப்போகுது. அது அவங்களுக்கும் தெரியும்."

பட்டுப்போனது செடி மட்டுமல்ல. இதற்கு முன் இரண்டு முறை அவள் வயிற்றில் தங்கியது நிற்கவில்லை. ரத்தம் போதாது, கீரை சாப்பிடு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கீரை சந்தையில் கிடைக்கும். தன் கையில் ஒன்றாவது பிழைக்குமா என்பது சந்தையில் கிடைக்காது.

மறுநாள் விடியலில் அவள் வெளியே வந்தபோது, இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரின் மேல் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. அதில் ஒரு பசலைக் கன்று. காளியாத்தாள் அந்தக் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு பானைக்கு மண் அள்ளிக்கொண்டிருந்தாள்.

பனிக்குள் ஒரு கை நீண்டது. அது தன் கைதான் என்று சாலம்மாளுக்கு வீட்டுக்குள் போன பிறகுதான் தெரிந்தது.

கன்றைப் பின்கட்டில் ஒரு பழைய தகர டப்பாவில் நட்டாள். கையில் மண் ஈரம் காய்வதற்குள் தெருவில் குரல் கேட்டது.

"எவ அவ, எம்பட பசலையைக் களவாண்டவ? கேட்டு வாங்கத் துப்பில்லே, களவாண்டு திங்க வாய் மட்டும் இருக்குதாக்கும்."

காளியாத்தாள் தெருக்கோடி வரை கேட்கும்படி வைதாள். திருடியின் ஊரை வைதாள், உறவை வைதாள், சோம்பலை வைதாள். அவள் கையையும் வயிற்றையும் பற்றி மட்டும் ஒரு சொல் வரவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

கன்று பட்டுப்போகவில்லை.

ஓர் இலை விட்டது. பிறகு எண்ண முடியாமல் விட்டது. மதிய ரயில் போகும்போது வீடு அதிரும். தண்டு நடுங்கி மறுபடி நிமிரும். சாலம்மாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வேலை மறந்துபோகும். வயிற்றுக்குள் அசைந்ததா, செடி அசைந்ததா என்று சில சமயம் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் ஓர் இலையைக்கூடக் கிள்ளவில்லை. திருட்டுக் கீரை பிள்ளைக்கு ஆகுமா?

கடைசியில் ஒரு நாள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு காளியாத்தாள் வாசலுக்குப் போனாள்.

"அக்கா, இது உங்க..."

காளியாத்தாள் டப்பாவைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னுது கொட்டாங்கச்சியில இருந்துச்சு. தகர டப்பா என்னுது இல்லே. நீ வளத்ததை நீ கடைஞ்சு தின்னு. போ."

கதவைப் படாரென்று சாத்தினாள்.

குழாயடியிலிருந்து சுப்பம்மாளுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. "மாசமா இருக்கறவ முகத்துல கதவைச் சாத்தறா, பாரு" என்றாள்.

சாலம்மாள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். சற்று நேரத்தில் அவள் வீட்டுக் கூரையிலிருந்து அடுப்புப் புகை எழுந்தது.

கதவுக்கு உள்ளே காளியாத்தாள் புருஷன் மணியன் கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"ஏம்புள்ள, அந்தக் கன்னைக் கேட்ட அன்னைக்கே குடுத்திருந்தா நீ கொறைஞ்சா போயிருவே?"

"குடுத்ததெல்லாந்தான் அவகிட்டப் பட்டுப்போச்சுங்களே. நான் குடுத்ததும் பட்டுப்போனா அந்தப் புள்ள மனசை உட்டுப்போடும். களவாண்டு வெச்ச செடிதானுங்க தழையும். எங்கூர்ல அப்படித்தான்."

"அதுக்குத் தெருவே நாற வையோணுமா?"

"உடையவ வையாட்டி அது களவாகுமுங்களா?"

மணியன் சிரித்தான். "அவ எடுக்காமயே போயிருந்தா?"

"எடுக்காம எங்கீங்க போவா? மாசமா இருக்கறவ குனியக் கூடாதுன்னு, அவ கைக்கு எட்டற எடமாப் பாத்துச் சுவத்து மேல வெச்சவளே நாந்தானுங்க."