பின்சீட்டு மரியாதை

“வாசல்ல வந்து ரெண்டு தடவை ஹாரன் அடின்னா ஒரு தடவைதான் அடிக்கிற. மிச்சம் பிடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகப் போறியா?”

பின்சீட்டுக்காரர் இதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு, காரின் கதவைத் தானே திறக்காமல் நின்றார். வண்டி ஓட்டுபவர் இறங்கி, சுற்றி வந்து, திறந்துவிட்டார்.

“மன்னிச்சிடுங்க சார்.”

“சரி சரி. மெதுவாப் போ. கடைசி வீட்டு வாசல்ல சம்பந்தி நிக்கிறார்.”

வண்டி ஊர்வலம் போல நகர்ந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்த சம்பந்தி வாயில் பிரஷ்ஷோடு பாதிக் கும்பிடு போட்டார். பின்சீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கி, செல்போனைக் காதில் வைத்து, “நான் வராம யாரும் மீட்டிங்கை ஆரம்பிக்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்றார். எதிர்முனையில் யார் என்று தெரியவில்லை. தெருமுனை திரும்பியதும் போன் பைக்குள் போனது. கண்ணாடி மேலே ஏறியது.

“தம்பி, உன்கிட்ட ஒண்ணு மனசு விட்டுப் பேசணும்.”

மனசு விட்டுப் பேச வருகிறவர்கள் நல்ல செய்தி கொண்டுவந்ததாக வண்டி ஓட்டுபவருக்கு ஞாபகமில்லை.

“சொல்லுங்க சார்.”

“இந்த மாசத்தோட இதை நிறுத்திக்கலாம்னு பார்க்கிறேன். கார், ஹாரன், எல்லாத்தையும்.”

“சார்...”

“பெட்ரோல் போட்டு மாளல. நேத்து பங்க்குல அந்த மீட்டர் ஓடின வேகத்தைப் பார்த்தேன். இந்த வண்டி என்னிக்காவது அந்த வேகத்துல ஓடியிருக்கா?”

“இல்லைங்க சார்.” இதில் முகஸ்துதி எதுவும் இல்லை.

“அந்த மெக்கானிக் ஒருத்தன். பானட்டைத் திறக்கிறான், ‘ம்ஹும்’னு தலையை ஆட்டுறான். ஆட்டினதுக்கே தனியா பில் போடுறான். இன்சூரன்ஸ் ஏறிப்போச்சு. டயர் மொட்டை. எல்லாம் ஏறுது, சம்பளம் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கு.”

“டயர் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் சார். பள்ளம் பார்த்து ஒதுங்கித்தான் ஓட்டுறேன். கழுவுற ஆளை நிறுத்தியாச்சு, நானே கழுவிடறேன். இறக்கத்துல இன்ஜினைக்கூட அணைச்சிடறேன், பாருங்க.”

சொன்னபடியே பாலத்து இறக்கத்தில் அணைத்தார். வண்டி கௌரவமான மௌனத்தோடு கீழே உருண்டது. பின்னால் வந்த லாரிக்காரர் அந்த மௌனத்தை மதிக்கவில்லை.

“ஏசி?”

“அது போட்டு ரொம்ப நாளாச்சு சார். வெளியிலேர்ந்து பார்க்கிறவங்களுக்காகக் கண்ணாடியை மட்டும் ஏத்தி வெச்சிருக்கோம்.”

உள்ளே இருவருக்கும் வியர்வை வித்தியாசம் பார்க்காமல் வழிந்தது.

“இவ்வளவு இழுத்துப் பிடிச்சும் கையைக் கடிக்குதேப்பா. பேசாம பஸ்ல போனா என்ன?”

கார் கைவிட்டுப் போகும் நிலைமை என்று வீட்டில் வண்டி ஓட்டுபவர் இன்னும் மூச்சு விடவில்லை. சொன்னால் மனைவி அழமாட்டாள். தன் அண்ணனுக்கு போன் போடுவாள். அது அழுவதைவிட மோசம். ‘இவருக்கு எதுவும் நிலைக்காதுன்னு நான் அப்பவே சொல்லலையா’ என்று மச்சான் ஆரம்பித்தால், அந்தப் பேச்சு பெட்ரோல் இல்லாமலே ஊரைச் சுற்றி வரும்.

“சார், தப்பா நினைக்காதீங்க. திடீர்னு பஸ் ஸ்டாப்புல நின்னா உங்க சம்பந்தி என்ன நினைப்பார்?”

பின்சீட்டுக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“அதுதான் தொண்டையில நிக்குது. அவங்க என் பொண்ணைக் கேட்டு வந்ததே இந்தக் கார் வந்து நிக்கிறதைப் பார்த்துத்தான். மாப்பிள்ளை வேற, ‘மாமா, டிரைவர் ரொம்ப தங்கமானவர் போல’ங்கிறார்.”

“அவருக்கு நல்ல மனசு சார்.”

“உன்னைத்தான் சொன்னார். என்னைச் சொல்லல.”

“அப்ப எப்படியாவது ஓட்டிடலாம் சார். நீங்க மட்டும் கைவிட்டுடாதீங்க. உங்களை நம்பித்தான் இது ஓடுது.”

பின்சீட்டுக்காரர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். பேரம் பேசுகிறவர்கள் நிமிரும் நிமிர்வு அது.

“ஓட்டலாம். சம்பள விஷயத்துல ஒரு முடிவுக்கு வந்தா ஓட்டலாம். வருஷக்கணக்கா அதைப் பேசாமலே தள்ளிட்டுப் போறோம். நீயும் கொஞ்சம் இறங்கி வரணும்.”

பேச்சு எங்கே வந்து நிற்கும் என்று பாலத்துக்கு முன்னாலேயே வண்டி ஓட்டுபவருக்குத் தெரிந்துதான் இருந்தது. மனைவியை நினைத்தார். மச்சானை நினைத்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

“நீங்க சொல்றபடியே செஞ்சிடலாம் சார்.”

அலுவலகத்துக்கு முந்தின ஆளில்லாத சந்தில் வண்டி நின்றது. இருவரும் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தினமும் போல இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

அலுவலக கேட்டில் காவலாளி பின்சீட்டைப் பார்த்து விறைப்பாக சல்யூட் அடித்தார்: “குட் மார்னிங், மேனேஜர் சார்.”

ஸ்டியரிங்கை விட்டு இறங்கிய ஆபீஸ் பியூன், காருக்குச் சொந்தக்காரரான அந்த மேனேஜருக்குக் கதவைத் திறந்துவிட்டு, பணிவாகப் பையை வாங்கிக்கொண்டு, காதோரம் சொன்னார்: “என் இன்க்ரிமென்ட்டுக்கு இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடுங்க சார், சாயங்காலமே வழக்கம்போல என் காசுல டேங்க்கை நிரப்பிடறேன்.”