சந்தனக் கிண்ணம்

துணி உலர்த்தும் மெஷினில் சூடே வரவில்லை என்று மங்கையர்க்கரசி கூப்பிட்டு, மெக்கானிக் செல்வின் வருவது இது மூன்றாவது தடவை. ஹீட்டரைக்கூட மாற்றியாயிற்று. இன்று டிரம்முக்குள் தலையை விட்டபோதுதான் விஷயம் அகப்பட்டது. ஈரம் பார்க்கும் சென்சார் பட்டையின் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஈரம் தெரியாத மெஷின், துணி காய்ந்துவிட்டதென்று சூட்டை நிறுத்தியிருக்கிறது.

"ஆயுத பூஜைக்கு வச்சேன் தம்பி. வெளிய வச்சா அழிஞ்சிடுது."

செல்வின் பட்டையைத் துடைத்தார். மெஷின் அனலாய் ஊதியது.

"உங்க கைராசியே கைராசி!" என்று உள்ளே ஓடியவள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

செல்வின் மெஷின் கதவை மறித்து உட்கார்ந்து நெற்றியை நீட்டினார். "எனக்கு வைங்கம்மா."

"உங்களுக்கும்தான் வைப்பேன். மொதல்ல கொஞ்சம் நகருங்க."