சத்தம் ஜாஸ்தியா வேணும்

“ரேடியோ சரியாக் கேக்கல, மாத்துன்னாருங்க எங்க வூட்டுக்காரரு. சத்தம் ஜாஸ்தியா வர்றதா குடுங்க,” என்றாள் தேவனாம்பட்டினத்துச் செல்லாயி.

“அவரையே கூட்டியாந்திருக்கலாமே,” என்றார் கடலூர் ரேடியோக் கடைக்காரர் தாண்டவராயன்.

“இவ்வளவு தூரம் வர மாட்டாருங்க.”

அவள் கொண்டுவந்த பழைய டிரான்சிஸ்டரின் பின்மூடியைத் திறந்தார். ஈர மணல் மேசையில் கொட்டியது.

“இத எங்கம்மா வெச்சிருந்த?”

“கடக்கரையில. அமாவாசைக்கு அமாவாசை படையல் போட்டு, பக்கத்துல பாட விட்டுட்டு வருவேன்.”

“படையல் யாருக்கு?”

“அவருக்குத்தான். மூணு வருஷம் முன்ன, புயல் சேதி தெரியாம கடலுக்குப் போனாரு. படகு மட்டுந்தான் திரும்புச்சு.”

தாண்டவராயன் அவள் நெற்றிப் பொட்டையும் கழுத்துத் தாலியையும் பார்த்தார்.

“உடம்பு கரை ஒதுங்கலீங்க. ஒதுங்குனாத்தான் எங்க சனத்துல தாலி அறுப்பாங்க.”

அவர் மேசையிலிருந்த மணலைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

“அப்ப, மாத்தச் சொன்னாருன்னியே. எப்பம்மா சொன்னாரு?”

செல்லாயி அலமாரியிலிருந்த ஒரு புது ரேடியோவின் சத்தக் குமிழைக் கடைசிவரை திருகி, காதைக் கொடுத்துக் கேட்டாள்.

“போன அமாவாசைங்க. வாசல் வரைக்கும் வந்து, இந்தப் பழைய ரேடியோவ வெச்சுட்டுச் சொல்லிட்டுப் போனாரு.”